குரோஷா பின்னலுக்கு டென்ஷன் ரிங் வாங்க ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேலாகக் கொண்டுவந்து பின்னுவதே என் வழக்கம். கையில் வியர்வை அதிகம் என்பதால் காட்டன் நூல் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. விளைவாக, ஒரே வரிசையில் சில கண்ணிகள் இறுகியும் சில தளர்ந்தும் விழுகின்றன. மேசை விரிப்பு என்றால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அமிகுருமி எனப்படும் சிறு பின்னல் பொம்மையில் தளர்ந்த கண்ணி வழியே உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரிவது மனதை மிகவும் வருத்துகிறது.

எனவே நூலின் இறுக்கத்தைச் சீராக வைக்க ஆள்காட்டி விரலில் அணியும் வளையமான டென்ஷன் ரிங் ஒன்றை வாங்க விரும்புகிறேன். வளையத்தில் நூலைக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினால் உராய்வு கூடி இறுக்கமும் கூடும் என்பது புரிகிறது. 2.5 மி.மீ. ஊசியும் மெல்லிய காட்டன் நூலும் பயன்படுத்தும் எனக்குக் கம்பிச் சுருள் வடிவம் பொருந்துமா, மயில் வடிவத் தகடு பொருந்துமா? சுருளின் முனையில் சிக்கி நூலின் புரி பிரிந்துவிடுமா? நீண்ட நேரம் அணிந்தால் விரல் வலிக்குமா? இரண்டு வண்ண நூல்களைச் சேர்த்துப் பின்னுபவர்கள் அவற்றை ஒரே ரிங்கில் எவ்வாறு பிரித்து வைக்கிறீர்கள் என்பதையும், இயன்றால் கையில் அணிந்த நிலையில் எடுத்த படத்துடன், தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.