குளப் புனரமைப்பில் செய்த மாற்றம் தேநீர்க் கடையில் முதலில் தெரிந்துவிட்டது: கமக்காரரின் நம்பிக்கையை எப்படி மீட்பது?

கேள்வி: களப்பணியாளர், ஒட்டுசுட்டான்

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 150 ஏக்கர் வயலுக்கு நீர் கொடுக்கும் ஒரு குளத்தின் புனரமைப்பு வேலையில், கமக்காரர்களுக்கும் திட்ட அலுவலகத்துக்கும் இடையே தொடர்பாளராகப் பணியாற்றுகிறேன். குளக்கட்டைப் பலப்படுத்துவது, மிகுதி நீர் வழிந்தோடும் வானை ஒன்றரை அடி உயர்த்துவது, வாய்க்கால்களுக்கு நீரைத் திறந்துவிடும் மதகுகளான பழைய துருசுகளை இரு கரைகளிலும் இடித்துப் புதிதாகக் கட்டுவது ஆகியவையே முதலில் மக்கள் முன் வைக்கப்பட்ட வேலைகள். கட்டில் வேலை நடக்க வேண்டுமானால் குளம் வற்றியிருக்க வேண்டும் என்பதால், இந்த ஆண்டின் சிறுபோகத்தை, அதாவது கோடைகால நெற்செய்கையை, கைவிடக் கமக்காரர்கள் சம்மதித்தார்கள். நான்கு கூட்டங்களுக்குப் பிறகே அந்தச் சம்மதம் கிடைத்தது. ஒரு போகத்து நெல்லை விட்டுக்கொடுப்பது ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் நிதி போதவில்லை என்று, இடதுகரைத் துருசைப் புதிதாகக் கட்டாமல் திருத்தி மட்டும் விடுவதெனத் தலைமை அலுவலகம் முடிவு செய்தது. எனக்கு அது மூன்று வாரங்களுக்கு முன்பே தெரியும். கடிதம் வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதற்கிடையில் பெக்கோ (மண் அகழும் இயந்திரம்) ஓட்டுபவர் தேநீர்க் கடையில் பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லிவிட்டார். கடந்த கூட்டத்துக்கு ஒன்பது பேர் மட்டுமே வந்தார்கள். இடதுகரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. வேலையை நிறுத்தும்படி பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுக்கப்போவதாகவும் அறிகிறேன். அலுவலகம் விளக்கக் கூட்டம் ஒன்றை உடனே கூட்டச் சொல்கிறது. அது சரியான முதற்படியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், கிளிநொச்சி

தம்பி, உடனே கூட்டம் வைக்க வேண்டாம். மனம் முறிந்திருக்கும் ஊரில் கூட்டம் வைத்தால், அங்கே முதலில் எழுந்து பேசுபவரின் கோபமே எல்லோருடைய தீர்மானமாகிவிடும். முதலில் இடதுகரையில் வயல் வைத்திருப்பவர்களின் வீடுகளுக்குத் தனியே போங்கள். உங்களுக்கு மூன்று வாரங்களாகத் தெரியும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அதை அவர்கள் எப்படியும் அறிந்துகொள்வார்கள். உங்கள் வாயால் அறிந்தால் மட்டுமே அடுத்த முறை நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். துருசு புதியதா பழையதா என்பது அவர்களுடைய உண்மையான கேள்வி அன்று. கடைசித் தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு வருமா என்பதே அவர்களின் கேள்வி. பழைய துருசின் அடிமட்டம் வலதுகரையில் கட்டப்போகும் புதிய துருசின் அடிமட்டத்தை விட உயரமாக இருந்தால், கதிர் முற்றும் நாட்களில் குளம் இறங்கும்போது வலதுகரைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, இடதுகரைத் துருசின் வாய் காய்ந்து கிடக்கும். இரண்டு மட்டங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இருந்தால், திருத்த வேலையிலேயே அடிமட்டத்தைத் தாழ்த்த முடியுமா என்று கேட்டுவிட்டுப் படலையைத் தட்டுங்கள்.

வானை உயர்த்தும் விடயத்தையும் இப்போதே கவனியுங்கள், அடுத்த சச்சரவு அங்கிருந்துதான் வரும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு குளத்தில், நீர்மட்டம் உயர்ந்தால் குளத்தின் மேற்புற நீர்விளிம்பான அலைகரையில் எதுவரை தண்ணீர் ஏறும் என்று வரைபடத்தை விரித்து விளக்கினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். மாரியில் குளம் நிரம்பியபோது, மேற்புறத்தில் இருந்த ஒருவரின் தென்னம்பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. அவரும் அன்று தலையாட்டியவரே. அதன் பிறகு நான் வரைபடத்தை விரிப்பதில்லை. லெவல் கருவியையும் அளவுத்தடியையும் எடுத்துக்கொண்டு, ஊரில் பத்துப் பேருடன் அலைகரையைச் சுற்றி நடந்து, புதிய நீர்மட்டம் தொடும் இடத்திலுள்ள ஒவ்வொரு மருத மரத்திலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவோம். தன் வேலிக் கட்டைக்கு மேலே அந்தக் கோடு விழுவதைக் காண்பவர் அங்கேயே கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி வேலை தொடங்கும் முன் வருவது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் தாமதமாகவே கற்றேன்.

கிளிநொச்சியின் பெரிய பாசனக் குளமான இரணைமடுவை நினைத்துப் பாருங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் வந்த யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், முதலில் இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் எண்ணத்துடனேயே வரையப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மனமில்லாதவர்கள் என்று எங்கள் மக்களைச் சிலர் பேசியபோது எனக்கு மிகவும் வலித்தது. சிறுபோகத்துக்கு நீரின் அளவைப் பார்த்து ஏக்கரைக் குறைத்துப் பங்கு பிரித்து விதைப்பவர்களிடம், மழை பொய்க்கும் ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளிலேயே பேசியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2: கமக்கார அமைப்பொன்றின் செயலாளர், துணுக்காய்

ஐயா சொன்னவற்றோடு எங்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். திட்டக்காரர்கள் செயலாளரான என்னிடம் தொலைபேசியில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, ஊருக்கே சொல்லிவிட்டதாகத் தங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்கிறார்கள். நான் வயலில் நிற்பேன், மறந்துபோவேன், சில வேளைகளில் எனக்குப் பிடிக்காதவருக்குச் சொல்லாமலும் விட்டிருக்கிறேன். அது தவறுதான். ஆனால் ஒருவரை மட்டும் நம்பிச் செய்தியை ஒப்படைப்பதும் தவறு.

எங்கள் அமைப்பின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் சென்ற கூட்டத்தில் பேசியதை அடுத்த கூட்டத்தில் வாசித்து, திருத்தம் கேட்டு, பிறகே ஏற்றுக்கொள்வோம். திட்ட அலுவலகமும் கூட்டக் குறிப்பு எழுதுகிறது. அது ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போகிறது. எங்கள் பெயரில் என்ன எழுதப்பட்டது என்பதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. உங்கள் குறிப்பையும் தமிழில் எழுதி, அதே இடத்தில் வாசித்துக் காட்டி, எங்கள் புத்தகத்திலும் ஒட்டிவிடுங்கள். சிறுபோகத்தைக் கைவிட்டபோது எதற்காகக் கைவிட்டோம் என்பது அந்த ஏட்டில் இருந்திருந்தால், இப்போது உங்கள் அலுவலகமே அதை இலேசாக மாற்றியிருக்காது.

குளம் கமக்காரருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் மறக்கவேண்டாம். நன்னீர் மீன்பிடிச் சங்கத்தினர் குளத்தில் குஞ்சு விட்டிருப்பார்கள்; குளத்தை வற்றச் செய்யும் நாள் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். மாட்டுப்பட்டிக்காரரை எவரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. எங்கள் குளத்தில் புதிதாகப் புல் பதித்த கட்டின் வெளிச்சரிவு ஒரே கிழமையில் குளம்புத் தடங்களாலேயே குழிகுழியாகச் சரிந்தது. மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் பழைய பாதையை ஒப்பந்தகாரர் கிரவல் (சரளை மண்) குவித்து மறித்திருந்தார், அவற்றுக்கு வேறு வழி இருக்கவில்லை. பட்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிரவலை இருபது யார் (கெஜம்) தள்ளிக் கொட்டியிருக்கலாம்.

கூட்ட நாளையும் ஊரிடம் கேட்டு வையுங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் நாளில் கூட்டம் வைத்துவிட்டு, மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 3: திட்ட முகாமையாளர், வவுனியா

நீங்கள் கேட்டது கமக்காரரைப் பற்றி. ஆனால் முறிவு ஏற்பட்டது உங்களுக்கும் உங்கள் தலைமை அலுவலகத்துக்கும் இடையில் என்றே நான் கருதுகிறேன், ஆகவே அதைப் பற்றிச் சொல்கிறேன். கடிதம் வரும்வரை சொல்லாதே என்ற கட்டளைக்கு நீங்கள் அடுத்த முறை கேட்கவேண்டிய ஒரே அனுமதி, இன்னது மீள்பரிசீலனையில் உள்ளது, முடிவு இந்தத் திகதிக்குள் தெரியும் என்று மட்டும் சொல்வதற்கான அனுமதி. முடிவாகாத ஒன்றை முடிவாகவில்லை என்று சொல்வதில் அலுவலகத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. எந்தச் செய்தியை, யார், யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்வது என்பதை வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டால் இந்த வாதமே எழாது. உங்கள் குளத்தைச் சுற்றிக் கமக்கார அமைப்பு, கமநல சேவை நிலையம், கிராம அலுவலர், பிரதேச செயலகம், ஒப்பந்தகாரர், மீனவர் என்று 12 தரப்புகள் இருந்தால், அவற்றுக்கிடையே 66 பேச்சு வழிகள் உண்டு. அத்தனையையும் நீங்கள் அடைக்க முடியாது, தேநீர்க் கடையும் அவற்றில் ஒன்றே. உங்கள் செய்தி முந்திப் போய்ச் சேருவதே கைவசமுள்ள வழி.

மேலிடத்தோடு பேசும்போது இரண்டைச் சுட்டிக்காட்டலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் இந்த மதிப்பீட்டையும் மாற்றத்தின் காரணத்தையும் அரச அலுவலகத்திடம் கேட்கலாம். எனவே மறைத்து வைப்பதால் நாட்கள் மட்டுமே கடக்கும். உங்கள் நிதி உலக வங்கியினுடையதாயின், 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதன் சுற்றாடல், சமூகச் சட்டகத்தில் 10ஆவது நியமம் முழுவதுமே தரப்பினரோடு கலந்துரையாடுவதும் தகவலை வெளிப்படுத்துவதும் முறைப்பாடுகளைக் கேட்பதும் பற்றியதுதான். மனுக் கொடுக்கப்போகிறவர்களைத் தடுக்க முயலாதீர்கள். அவர்களுடைய மனுவையே முறைப்பாடாகப் பதிந்து, இலக்கமிட்டு, பதில் தரும் திகதியை எழுதிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி பொறியியலாளரிடம் கேட்டேன். இடதுகரைத் துருசின் அடிமட்டம் 14 அங்குலம் உயரமாக இருக்கிறது. அவரே அதை இதுவரை கமக்காரரின் கண்ணால் பார்த்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, திருத்த வேலையில் புதிய குழாயைத் தாழ்த்திப் பதிப்பதற்கான மதிப்பீட்டைத் தயாரித்து மேலே அனுப்பியிருக்கிறார். அது மீள்பரிசீலனையில் இருப்பதாகவும் பதினெட்டாம் திகதிக்குள் முடிவு தெரியும் என்றும் சொல்ல எனக்கு எழுத்தில் அனுமதி கிடைத்தது.

நேற்றும் இன்றும் இடதுகரையில் ஏழு வீடுகளுக்குப் போனேன். எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னபோது ஒருவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் முற்றத்திலேயே இருந்தேன். சற்று நேரத்தில் தேநீரோடு வந்து, அடிமட்டத்தை அளக்கும்போது தன்னையும் கூப்பிடும்படி சொன்னார். ஞாயிறு காலையில் அவரோடும் பட்டிக்காரர் இருவரோடும் சுண்ணாம்பு வாளியுடன் அலைகரையைச் சுற்றி நடக்கப்போகிறோம். மீனவர் சங்கத்துக்கும் சொல்லியிருக்கிறேன், அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.