சென்னையின் நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம்: கூட்டத்திலோ தெருவிலோ நீங்கள் பார்த்த ஒன்று (அனுபவப் பகிர்வு)

கொளத்தூர்வாசி

சென்னைப் பெருநகரம் எப்படி வளர வேண்டும் என்ற இருபது வருடத் திட்டமான மூன்றாம் மாஸ்டர் பிளான், போக்குவரத்துக்கான மொபிலிட்டி பிளான் எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டர் பிளானுக்கான ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். மேஜை முழுக்க வரைபடத்தை விரித்து, கலர் பேனாவும் ஒட்டுத்தாளும் கொடுத்து, யோசனையை எழுதி ஒட்டச் சொன்னார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களும் பளிச்சென்று தெரிந்தன: மாதவரம் – சிறுசேரி, கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர். எல்லாரும் குனிந்து அவரவர் ஏரியாவைத் தேடிக்கொண்டிருந்தோம்.

என் பக்கத்தில் பார்வையற்ற ஒருவர், மடக்குக் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா" என்று அங்கிருந்த இளம்பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் பொறுமையாக ஒவ்வொரு கோடாகச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா, ஸ்டேஷன் படியை விட்டு வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம் திரும்பணும்? நடுவுல ரோடு கிராஸ் பண்ணணுமா? அது இதுல எங்க இருக்கு?" என்றார்.

அந்தப் பெண் தேடினார். நானும் தேடினேன். சென்னைப் பெருநகரப் பகுதியின் 1,189 சதுர கிலோமீட்டரை ஒரு மேஜைக்குள் அடக்கினால் பெரிய சாலையே நூல் கனத்துக்குத்தான் வரும். அவர் கேட்ட நூறு மீட்டர் அந்தத் தாளில் இல்லை. "எழுதி வச்சுக்கறேன் சார்" என்று சொல்லி, எழுதவும் செய்தார் அந்தப் பெண். 2027 முதல் 2046 வரைக்குமான திட்டம். அந்த நூறு மீட்டரை யார், எந்தத் தாளில் வரையப் போகிறார்கள்?

தி.நகர் மகள்

பாண்டி பஜாரில் வரைந்தார்களே நண்பரே. வரைந்து கட்டியும் காட்டினார்கள். 2019 நவம்பரில் அந்த நடைபாதை வளாகம் திறந்த பிறகு அம்மாவை அழைத்துப் போனேன். மூட்டுவலிக்காரர், வீட்டை விட்டுக் கிளம்பினாலே ஆட்டோதான். அன்றைக்குப் பனகல் பார்க்கில் ஆரம்பித்து, பெஞ்ச் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து எழுந்து, பாதிக் கடைத்தெருவை நடந்தே பார்த்துவிட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை.

அப்புறம் ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பினோம். நடைபாதை அங்கேயே முடிந்தது. உயரமான படி, கீழே வரிசையாகப் பைக்குகள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே நீட்டினார், தரை எட்டவில்லை, காலை எடுத்துக்கொண்டார். "போதும், ஆட்டோ கூப்பிடு" என்றார். கடை முப்பது அடி தூரத்தில் இருந்தது.

அதனால் வரைபடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தெருவை மட்டும் வரைவதைத்தான் குறை சொல்வேன்.

ஓய்வுபெற்ற டிரைவர்

தம்பி, தங்கச்சி, இரண்டு பேரும் நடப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பஸ்ஸில் இருந்து இறங்குபவர்களும் நடப்பவர்கள்தான்.

நான் ஓட்டிய ரூட்டில் ஒரு ஸ்டாப்புக்குப் பஸ் பே கட்டினார்கள். பஸ் ஒதுங்கி நிற்க பிளாட்பாரத்தை வெட்டி உள்வாங்கிய இடம். கட்டிய வாரமே அதில் ஆட்டோக்கள் வந்து நின்றுவிட்டன. நான் ரோட்டிலேயே நிறுத்துவேன், வேறு வழி கிடையாது. ஒரு நாள் காலை, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்றின் ஸ்கூல் பையோடு ஒரு அம்மா இறங்கினார். பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு பைக் புகுந்தது. ஹேண்டில்பாரில் பை வார் மாட்டி அந்த அம்மா ஒரு சுற்று சுற்றிவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பைக்காரனைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

பே காலியாக இருந்தால் மட்டும் என்ன? உள்ளே போன பஸ் வெளியே வர எவனும் வழி விட மாட்டான். பிளாட்பாரத்தை ரோட்டுப் பக்கம் நீட்டிவிட்டால் பஸ் ஓடுகிற லேனிலேயே நிற்கும், படியும் பிளாட்பாரமும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் பைக் நுழைய இடமே இருக்காது. அறுபது பேர் இறங்கி ஏறும்வரை பின்னால் இருக்கும் நாலு கார் காத்திருக்கட்டும்.

நடை ஆய்வு

படிக்கும் காலத்தில் ஒரு சந்திப்பில் போக்குவரத்துக் கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். படிவத்தில் கார், பைக், பஸ், லாரி, சைக்கிள், மாட்டு வண்டிக்குக்கூடக் கட்டம் இருந்தது. நடப்பவருக்கு இல்லை. பள்ளி விட்ட நேரம், எதிரே கூட்டமாகப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள், நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், சாலையின் குறுக்குவெட்டுப் படத்தைக் கேளுங்கள். அதில்தான் எத்தனை மீட்டர் யாருக்கு என்று தெரியும். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிமுறைப்படி தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதை 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது. படத்தில் 1.8 மீட்டர் இருந்தால் அடுத்த கேள்வி: தெருவோரம் நிற்கும் மின்வாரியப் பெட்டி (இ.பி. பில்லர் பாக்ஸ்) எங்கே போகும்? மரம் எங்கே? கடைவாசல் சரிவு எங்கே? இதற்கெல்லாம் தனியாக இடம் ஒதுக்காமல் வரைந்த 1.8 மீட்டர் கட்டி முடிக்கும்போது அரை மீட்டராகிவிடும். வேலை வரிசையையும் கேளுங்கள். வடிகால், கேபிள் குழாய் எல்லாம் போட்ட பிறகுதான் கல் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பதித்ததை மறுபடி தோண்டுவார்கள். பணத்தையும் கேளுங்கள். சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்கிறது. உங்கள் வார்டில் அது எவ்வளவு என்று ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்கலாம். மாஸ்டர் பிளான் வரைவு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம் அவகாசம் தருகிறது. தெருப் பெயர், கதவு எண், போட்டோ, டேப்பில் அளந்த அளவு எல்லாம் வைத்து எழுதுங்கள்.

வேளச்சேரி பழைய வீடு

சார், டேப் எடுத்து அளந்தவன்தான் நானும். எங்கள் தெருவில் உங்கள் 1.8 மீட்டர் இருக்கிறது. மழைநீர் வடிகாலின் மூடியையே நடைபாதை என்று விட்டுவிட்டார்கள், முழங்கால் உயரம். வீல்சேர் வேண்டாம், கைக்குச்சியோடு நடக்கும் என் அப்பாவே ஏற முடியாது. அதனால் ரோட்டில் நடக்கிறார்.

அந்த ரோடும் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே போகிறது. பழைய தாரை மில்லிங் செய்து, அதாவது சுரண்டி, எடுக்காமல் மேலேயே கொட்டியதுதான் காரணம். அப்பா வீடு கட்டும்போது வாசலில் மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி கீழே இறங்குகிறோம். கடைசியாக ரோடு போட்ட இரவு, ரோலர் போன பிறகு அப்பா டார்ச்சோடு வாசலில் நின்று, சூடான தாரின் ஓரத்தைக் குச்சியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த மழைக்குத் தண்ணி கூடத்துக்கு வந்துடும்" என்றார். வந்தது.

இருபது வருடத் திட்டத்தில் தெருவின் அகலத்தை எழுதுகிறார்கள். உயரத்தையும் எழுத வேண்டும். இந்தத் தெருவின் மட்டம் இது, இதற்கு மேல் ஒரு அங்குலம் ஏறக் கூடாது என்று.

ஓய்வுபெற்ற டிரைவர்

வேளச்சேரி தம்பி சொல்வதுதான் சரி. மட்டம் ஏறினால் பஸ் படிக்கும் பிளாட்பாரத்துக்கும் உள்ள கணக்கும் கெட்டுப்போகும், தாழ்தளப் பேருந்து வாங்கியும் பிரயோஜனம் இருக்காது. மனு எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் டெப்போவில் ஓட்டியவர்களிடம் கேட்டு, எந்தெந்த ஸ்டாப்பில் பஸ் ஒதுங்கவே முடியாது என்று ஒரு பட்டியல் எழுதித் தருகிறேன்.