முகாமில் இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தெரிந்தும் கிளினிக்குக்குப் போகாதவர்கள்

கேள்வி (செந்தூல்):
வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பலர் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பத்தினர். சென்ற ஆண்டு கோயில் மண்டபத்தில் இரத்தப் பரிசோதனை முகாம் நடத்தி, சர்க்கரை மிகுந்திருந்த பதினொரு பேருக்குக் கடிதம் எழுதி அரசு கிளினிக்குக்குப் போகச் சொன்னோம். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, போனவர்கள் இருவர்தாம். மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியரிடையே 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளதாக 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. 1 ரிங்கிட்டில் மருத்துவரும் மருந்தும் கிடைக்கும் இடத்துக்கு இவர்கள் ஏன் போவதில்லை?

பதில் (ஓய்வுபெற்ற தாதி, பிரிக்பீல்ட்ஸ்):
தம்பி, அந்த 1 ரிங்கிட்டைப் பார்க்காதீர்கள். நாள் கூலிக்குத் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண் காலை முழுவதும் எண் அழைக்கக் காத்திருந்தால், அன்றைய சம்பளம் போய்விடும். மருந்து தீரும்போதெல்லாம் மறுபடியும் விடுப்புக் கேட்க வேண்டும். தோட்டத்தில் டிரஸர் (மருத்துவ உதவியாளர்) தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே வந்து பார்த்த காலத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முகாம் நாளிலேயே கிளினிக்குத் தேதியை வாங்கி, முதல் முறை ஒருவர் உடன் செல்லுங்கள். பதிவு முகப்பில் மலாயில் பேசத் தயங்கித் திரும்பிவந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிதத்தைவிட உடன் வரும் ஆள்தான் அவர்களுக்குத் தேவை.

பதில் (பட்டர்வொர்த்):
அக்கா சொல்வதை ஏற்கிறேன். நாற்பது வயது நிரம்பிய, அரசின் ரஹ்மா ரொக்க உதவி பெறுவோருக்கும் அவர்களின் துணைவருக்கும் 2019இல் தொடங்கிய, குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 என்ற அரசு நலத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பதிவுபெற்ற தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். மாலையில் திறந்திருக்கும் கிளினிக்காகத் தேர்ந்தால் சம்பளம் போகாது. ஆனால் அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு இவ்வழி அடைபட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் அவர்களிடம் வெளிநாட்டவர் கட்டணமே கேட்கப்படுகிறது. உங்கள் பட்டியலில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

மீண்டும் கேட்டவர் (செந்தூல்):
இருக்கிறார், ஒருவர். இங்கேயே பிறந்தவர், பெற்றோரின் திருமணம் பதிவாகாததால் இன்னும் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டைகூட இல்லை. அவர் கடிதத்தை வாங்காமலே எழுந்து போனதன் பொருள் இப்போதுதான் புரிகிறது. மற்ற எட்டுப் பேரிடம் வேலை நேரத்தைக் கேட்டுக் குறித்து, அதற்கேற்பத் தேதி வாங்கப் போகிறேன். அக்கா, உடன் செல்லும் இளைஞர்களுக்கு நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி தர இயலுமா?