சென்னை–சிங்கப்பூர்: போக 7 மணி நேரம், வர 2 மணி நேரமா?

மாம்பலம்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அப்பா தனியாகப் போகிறார். இன்சுலின் போடுபவர். எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.00க்குக் கிளம்பி அங்கே காலை 5.55க்குச் சேர்கிறது. திரும்பும்போது இரவு 8.00க்குக் கிளம்பி 9.45க்கே சென்னை! தூரம் காட்டும் தளமோ 2,900 கி.மீ., மூன்றரை மணி நேரம் என்கிறது. எதை நம்புவது?

சாங்கிவழி:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. போகும்போது அதைக் கழியுங்கள், 4 மணி 25 நிமிடம். வரும்போது கூட்டுங்கள், 4 மணி 15 நிமிடம். டிக்கெட் சரிதான்.

மாம்பலம்வாசி:
ஓ, சரி. அப்போ மூன்றரை என்பது? மீதி நேரம் எங்கே போகிறது?

வானோடி:
அந்தத் தளம், பூமி உருண்டைமேல் இரு ஊருக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரத்தை மணிக்கு 850 கி.மீ. போல ஒரு வேகத்தால் வகுத்துச் சொல்கிறது. அவ்வளவுதான். டிக்கெட் கணக்கு, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நெரிசல் என்றால் வானில் சுற்றுவது எல்லாம் அதில் அடங்கும். தாமதக் கெட்ட பெயர் வேண்டாமென்று நிறுவனங்களும் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டுக்கொள்ளும்.

காற்றும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மேலே தென்னிந்திய வானில் நேரெதிராகக் கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடும். அந்த மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும்.

சாங்கிவழி:
இன்னொன்று. சிங்கப்பூர் 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதனால் அங்கே விடியவே ஏழு மணி ஆகும். 5.55க்கு இறங்கும்போது கும்மிருட்டு. அப்பா நடுராத்திரி என்று நினைக்கப்போகிறார்.

மருந்துக்கடை:
இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள் சார், பெட்டியோடு போட்டால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். அன்றைக்கு அவருக்கு நாள் இரண்டரை மணி நேரம் குறைகிறது, அதனால் காலை ஊசியை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாம்பலம்வாசி:
நாளைக்கே கேட்கிறேன். வீல்சேர் வேண்டுமென்றால்?

வானோடி:
விமான நிறுவனத்திடம் இப்போதே சொல்லிவையுங்கள். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையம் போனால் நல்லது. ஆக, அவர் உட்காரும் நேரம் நாலே கால் அல்ல, எட்டு மணி நேரம் என்றே வைத்து சாப்பாடு கட்டிக்கொடுங்கள்.