ஈ.சி.ஆர். என்றால் கடற்கரைச் சாலை இல்லை

வாட்ஸ்அப் குழு: நீடாமங்கலம் உறவுகள்

செல்வி (மாலை 6.12): அண்ணா, சம்பா நடவு முடிந்ததும் கார்த்திக்கைக் குவைத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கிறோம். அவன் பத்தாம் வகுப்பு தேறாததால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று போட்டிருக்கிறார்களாம். அனுமதிக்கு அலைவதைவிட விசிட் விசாவில் போய், இறங்கியபின் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். 90,000 ரூபாய் கேட்கிறார்.

கார்த்திக் (6.15): எனக்குத் தெரிந்த ஈ.சி.ஆர். நாகப்பட்டினம் வழியாகப் போகும் சாலை மட்டும்தான், மாமா.

தஞ்சாவூர் மாமா (6.31): இது அந்தச் சாலை இல்லையப்பா, 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' என்பதன் சுருக்கம். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் ஒப்பந்தமாக அங்கே பதிவாகும். 275 ரூபாய் கட்டினால் இரண்டு ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு.

செல்வி (6.34): வெளியுறவு அமைச்சகம் என்றால் டெல்லியில் தலைவர்களோடு கைகுலுக்குகிறவர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்?

தஞ்சாவூர் மாமா (6.52): அதுவும் அவர்கள் வேலைதான். ஆனால் உன் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கொடுத்த திருச்சி அலுவலகமும் அவர்களுடையதே. நாகப்பட்டினத்து மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கும்போது சிறைக்குப் போய்ப் பார்ப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நம் துணைத் தூதரகத்தார். 2023இல் சூடானில் சண்டை மூண்டபோது, நம்மவர்களைப் போர்ட் சூடானிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் ஜித்தாவுக்குக் கொண்டுவந்து மீட்ட பணிக்கு 'ஆபரேஷன் காவேரி' என்று பெயரிட்டார்கள். தேநீர்க் கடையில் அதைக் கேட்ட ஒருவர், மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்று என்னிடம் விசாரித்தார்! ஆனால் ஒன்று. அந்நிய மண்ணில் தூதரகம் அந்த நாட்டுச் சட்டத்தை மீற முடியாது. சிறைக் கதவைத் திறந்துவிடவும் முடியாது. முதலாளியிடம் நியாயம் கேட்க வேண்டுமென்றால் அதன் கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தாக வேண்டும். விசிட் விசாவில் போகிறவனுக்கு அந்தக் காகிதமே இருக்காது.

தமிழ், குவைத் (7.20): மாமா சொல்வது உண்மை, சித்தி. என் அறையில் அப்படி வந்த ஒருவருக்கு நான்கு மாதம் சம்பளம் தரவில்லை. ஒப்பந்தம் எங்கே என்று தூதரகத்தில் கேட்டபோது, ஏஜென்ட்டின் குரல் பதிவைத்தான் அவரால் காட்ட முடிந்தது. கடைசியில் தூதரகத்தின் இந்தியர் நலநிதியிலிருந்து பயணச்சீட்டு எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். சம்பளம் போனது போனதுதான்.

தஞ்சாவூர் மாமா (7.26): இன்னொன்று, செல்வி. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் கட்டணமாக வாங்கலாம். அவருடைய உரிம எண்ணைக் கேள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

செல்வி (7.48): கேட்டேன், அண்ணா. நாளை சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். பாஸ்போர்ட் வேறு அவரிடம் இருக்கிறது.

தஞ்சாவூர் மாமா (7.50): பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை, அதை அவர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. காலை முதல் பேருந்தில் வருகிறேன். கார்த்திக் நிறுத்தத்தில் இருக்கட்டும்.