அரட்டைத் தளம் மாறிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்: பெங்களூரு கட்டற்ற மென்பொருள் நண்பர்களுக்கு

அல்சூரிலிருந்து:

நண்பர்களே, நம் தமிழாக்கக் குழு பழைய உரை அரட்டை முறையான ஐஆர்சியிலேயே இருக்கலாமா, புதிய அரட்டை முறையான மேட்ரிக்ஸுக்குப் போகலாமா, இல்லை டெலிகிராமே போதுமா என்ற பேச்சு போன சந்திப்பில் கப்பன் பூங்காவில் கிளம்பி, இருட்டும்வரை முடியவில்லை. புதிதாக வந்த கல்லூரிப் பிள்ளைகள் டெலிகிராம் என்கிறார்கள். பழைய ஆட்களுக்கு ஐஆர்சியை விட மனசில்லை. எது நல்லது என்ற கருத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். நீங்கள் இருந்த ஏதாவது ஒரு குழு இப்படி மாறியபோது என்ன நடந்தது, யார் வந்தார்கள், யார் வராமல் போனார்கள், அதை எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். 2021 மே மாதம். இங்கே ஊரடங்கு, எல்லாரும் வீட்டுக்குள். கட்டற்ற மென்பொருள் உலகத்தின் பாதிப் பேர் அப்போது ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பில்தான் கூடுவார்கள். அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் மே 19 அன்று கூட்டமாகப் பதவி விலகி, லிபெரா சாட் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். காரணம் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது கிடையாது. ஃப்ரீநோட் என்ற பெயருக்கும் டொமைனுக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டை. அந்தப் பெயரில் இருந்த நிறுவனம் 2017-லேயே கைமாறியிருந்தது. வருடக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் சர்வரைப் பார்த்துக்கொண்டவர்களிடம் காகிதத்தில் ஒன்றும் இல்லை.

ஒரே வாரத்துக்குள், சேனலின் (அரட்டை அறையின்) தலைப்பு வரியில் லிபெரா என்று எழுதிவைத்திருந்த நூற்றுக்கணக்கான சேனல்களை ஃப்ரீநோட் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. ஜூனில் சர்வர் மென்பொருளையே மாற்றினார்கள். பதிவு செய்து வைத்திருந்த பெயர்களும் சேனல்களும் அத்தோடு போயின. உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா போன்ற திட்டங்கள் எல்லாம் லிபெராவுக்கு மாறியது அப்போதுதான். டெபியன் மட்டும் பதற்றமே இல்லாமல் இருந்தது, 2006-லேயே ஓஎஃப்டிசி என்ற வேறொரு ஐஆர்சி வலையமைப்புக்குப் போய்விட்டதால்.

நான் அப்போது இருந்த சிறு குழுவில் மாறுவது ஒரு சாயங்கால வேலைதான். அதே கிளையன்ட் (நம் கணினியில் ஓடும் அரட்டைச் செயலி), அதே கட்டளைகள், சர்வர் முகவரி ஒன்றுதான் வேறு. ஆனால் எப்போதாவது எட்டிப்பார்க்கிற ஆட்கள் இருப்பார்கள் இல்லையா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நல்ல பேட்ச் (நிரல் திருத்தம்) கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், அவர்களுக்குச் சேதி போகவே இல்லை. பழைய இடத்துக்கு வந்து பார்த்திருப்பார்கள், யாரும் இல்லை, போய்விட்டார்கள். தமிழ் எழுத்துருக்களில் கெர்னிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) திருத்திக்கொடுத்த ஒருவரை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை. மின்னஞ்சலும் தெரியாது, நிக் (அரட்டைப் பெயர்) மட்டும்தான் தெரியும். இப்போது மாறுவதென்றால் எனக்கு முதல் கவலை அவரைப் போன்றவர்கள்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து:

அண்ணா, நான் இளையவர்கள் பக்கம். ஆனால் டெலிகிராம் பக்கம் இல்லை.

ஐஆர்சி எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு ஒரு நேரடிக் காரணம் சொல்கிறேன். 1988-ல் ஃபின்லாந்தில் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் எழுதியது அது. ஒரு செய்தி மொத்தமாக 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அனுப்புகிறவர் முகவரியும் அதற்குள்ளேயே. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. 'கட்டற்ற மென்பொருள்' என்று எழுதினால் பத்து எழுத்து, 52 பைட். ஆங்கிலத்தில் அதே சொல் 13 பைட்டில் முடிந்துவிடும்.

முதன்முதலாகச் சேனலில் தமிழில் ஒரு நீளமான கேள்வி கேட்டேன். லினக்ஸில் வரும் க்னோம் திரைச் சூழலின் மொழிபெயர்ப்பில் பன்மை வடிவம் எப்படிக் கொடுப்பது என்று. நான் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் முழுசாகக் கேட்டுவிட்டேன் என்று நானும் காத்திருந்தேன். கடைசியில் ஒரு அக்காதான் திரையைப் படம் எடுத்து அனுப்பினார்: வாக்கியம் 'எப்ப' வரை வந்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம். எழுத்தின் நடுவிலேயே வெட்டியிருந்தது. இன்றைய கிளையன்டுகள் பல, நீளச் செய்தியைத் தாமே பிரித்து அனுப்புகின்றன. அன்று நான் வைத்திருந்தது அப்படிப் பிரிக்கவில்லை. அதன் பிறகு சேனலில் நான் ஆங்கிலத்திலேயே எழுதத் தொடங்கினேன். தமிழ் மென்பொருளுக்காகக் கூடும் இடத்தில் தமிழில் எழுத முடியாதது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அப்புறம், மடிக்கணினியை மூடினால் ஐஆர்சியில் நாம் இல்லை. நடந்த பேச்சைப் பிறகு படிக்க வேண்டுமென்றால் நமக்குப் பதிலாக எப்போதும் இணைந்திருக்கும் பவுன்சர் என்ற நிரலை வைக்க வேண்டும், அதற்கு ஒரு சர்வர் வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் ஏற்கெனவே பாதி நிபுணர். முதல் வருட மாணவர் என்ன செய்வார்?

ராமமூர்த்தி நகரிலிருந்து:

நான் இருந்த குழு ஐஆர்சியை விட்டுவிட்டு, அலுவலகங்களில் பயன்படுத்தும் ஒரு அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்துக்குப் போனது. பெயர் வேண்டாம். தொடக்கத்தில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. படம் அனுப்பலாம், இழை இழையாகப் பதில் எழுதலாம், கைப்பேசியில் அறிவிப்பு வரும். ஆள் வரவும் கூடியது, அதை மறுக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் இலவசத் திட்டத்தின் விதி மாறியது. மூன்று மாதத்துக்கு முந்தைய செய்திகள் தெரியாது, பணம் கட்டினால் தெரியும். தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம்; தன்னார்வலர் குழுவுக்கு அது நடக்கிற காரியமா?

இதில் என்ன போயிற்று என்று சொன்னால்தான் புரியும். விசைப்பலகையில் 'ஸ்ரீ' என்ற எழுத்தை எந்தக் குறியீட்டு வரிசையில் உள்ளிடுவது என்று நீண்ட விவாதம் நடந்திருந்தது. ஸகரத்தில் தொடங்கும் வரிசை ஒன்று. யூனிகோடில் 2005-ல் ஶ சேர்ந்த பிறகு, அதில் தொடங்கும் வரிசை இன்னொன்று. திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. வாக்காளர் பட்டியலிலோ நூலக அட்டவணையிலோ ஒரு ஸ்ரீனிவாசன் காணாமல் போக இதுவே போதும். எங்கள் குழுவில் ஓலைச்சுவடி படிக்கிறவர் முதல் எழுத்துரு செய்கிறவர் வரை பேசி, சோதித்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். முடிவு நிரலில் இருக்கிறது. ஏன் அந்த முடிவு என்பது அரட்டையில் இருந்தது, இப்போது எங்கள் கையில் இல்லை. புதிதாக வருகிறவர் யாராவது அதைப் பக் (பிழை) என்று பதிவிட்டால், முதலிலிருந்து விளக்க எங்களில் இருவருக்குத்தான் நினைவிருக்கிறது.

அதனால் எங்கே போனாலும் சரி, பேச்சு முழுவதும் சாதா உரைக் கோப்பாக நம் சர்வரில் வாரம் ஒருமுறை சேர வேண்டும். இதற்கு ஒத்துவராத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் வாக்களிப்பேன்.

டொம்லூரிலிருந்து:

மேட்ரிக்ஸ் பற்றி, அதில் சில வருடம் இருந்தவள் என்ற முறையில். 2014-ல் வந்தது, திறந்த நெறிமுறை, யாரும் சர்வர் நடத்தலாம். ஒரு அறையில் பல சர்வர்களின் ஆட்கள் இருந்தால் அறையின் வரலாறு அந்தச் சர்வர்கள் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு சர்வர் போனாலும் அறை போகாது. ஃப்ரீநோடில் நடந்ததுபோல ஒரே கையில் மாட்டாது என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று. எங்கள் பொது அறையில் ஒரு அட்மின் நல்ல எண்ணத்தில் மறையாக்கத்தை (என்கிரிப்ஷனை) போட்டுவிட்டார். ஒருமுறை போட்டால் அந்த அறையில் எடுக்க முடியாது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியவில்லை. 'செய்தியைத் திறக்க இயலவில்லை' என்று வரிசையாக வரும். கைப்பேசி மாற்றியவர்களுக்குச் சாவி தொலைந்தது. கடைசியில் புது அறை திறந்து எல்லாரையும் கூப்பிட்டோம், பாதிப் பேர் வந்தார்கள். யாரும் வந்து படிக்கலாம் என்கிற அறைக்கு மறையாக்கம் தேவையில்லை. இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. ஐஆர்சிக்கும் மேட்ரிக்ஸுக்கும் நடுவே செய்திகளைக் கடத்தும் பிரிட்ஜ் இருக்கிறது, இரண்டு பக்கமும் இருக்கலாம் என்று சந்திப்பில் ஒருவர் சொன்னார். லிபெராவுக்கும் மேட்ரிக்ஸ்.ஆர்க் என்ற பெரிய மேட்ரிக்ஸ் சர்வருக்கும் நடுவே இருந்த பெரிய பிரிட்ஜ் 2023-ல் நின்றுவிட்டது. இனி வேண்டுமென்றால் மேட்டர்பிரிட்ஜ் மாதிரி ஒரு பாட் நிரலை (தானாக வேலை செய்யும் நிரலை) நாமே ஓட்ட வேண்டும். அது ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தால் எழுப்பப்போவது யார் என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். அதே 2023 மே மாதம் நம் அரசு தடைசெய்த 14 செயலிகளின் பட்டியலில், மேட்ரிக்ஸுக்குப் பலரும் பயன்படுத்தும் கிளையன்டான எலிமென்ட்டும் இருந்தது. நெறிமுறைக்குத் தடை என்று சொல்லவில்லை, வேறு கிளையன்டுகள் இருக்கின்றன. ஆனாலும் புதிதாக வருகிற பிள்ளையின் அப்பா அம்மா கேட்டால் சொல்லப் பதில் வேண்டும்.

யஷ்வந்த்பூரிலிருந்து:

எனக்குப் பார்வை இல்லை. என்விடிஏ திரைவாசிப்பானில் இ-ஸ்பீக் தமிழ்க் குரல் வைத்து வேலை செய்கிறேன். ஐஆர்சி எனக்குச் சொர்க்கம். வரி வருகிறது, வாசிக்கிறது, அவ்வளவுதான். போன வருடம் வேறொரு குழு புதுச் செயலிக்கு மாறியது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் படம், பெயர், பொறுப்பு, நேரம், எதிர்வினைப் பொத்தான் என்று எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் செய்திக்கு வரும். யாரோ 'சரி' என்று போட்டதைக் கேட்க அவ்வளவு நேரம். பத்துப் பேர் பேசும்போது நான் எப்போதும் பின்னால்தான். சொல்லிப் பார்த்தேன், பார்க்கிறோம் என்றார்கள். இப்போது அங்கே நான் இல்லை.

மொசில்லா தன் ஐஆர்சி சர்வரை 2020 மார்ச்சில் மூடுவதற்கு முன் மேட்டர்மோஸ்ட், ராக்கெட் சாட், ஸ்லாக், மேட்ரிக்ஸ் நான்கையும் சோதித்தது. அணுக்கத்தையும் (என்னைப் போன்றவர்களும் பயன்படுத்த முடிவதையும்) ஒரு நிபந்தனையாக வைத்துத்தான் மேட்ரிக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் சிறிய குழு, ஆனால் அந்த அளவுக்காவது செய்யலாம். சோதனைக்கு நான் உட்காரத் தயார்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

சுருக்கமாக. கல்லூரியில் ஒரு பயிற்சி முகாம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். அன்றைக்கே தெரியாத எண்களிலிருந்து எனக்கும் என் தோழிகள் சிலருக்கும் குட் மார்னிங், எந்த ஊர், சாப்பிட்டாச்சா. மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினோம். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம் என்பீர்கள், ஆனால் சேரவே எண் வேண்டும். கைப்பேசி எண் கேட்காத இடமாகப் பாருங்கள் அண்ணா. ஐஆர்சியோ மேட்ரிக்ஸோ, அதில் எனக்கு வித்தியாசம் இல்லை.

அல்சூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. யஷ்வந்த்பூர் தம்பி எழுதியதையும் மல்லேஸ்வரம் தங்கை எழுதியதையும் படித்துவிட்டுச் சந்திப்புக் குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன். இந்த இரண்டையும் அன்று யாருமே எழுப்பவில்லை, ஏனென்றால் பூங்காவுக்கு வந்தவர்களில் இந்த இருவரும் இல்லை. இனி இந்த முடிவைச் சந்திப்பில் மட்டும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வாக்கெடுப்பு எழுத்தில் நடக்கட்டும், ஒரு மாதம் திறந்திருக்கட்டும்.

என் பங்குக்கு முன்வைப்பது இது. டெலிகிராம் வேண்டாம், எண் ஒரு காரணம், அதன் சர்வர் நிரல் திறந்ததில்லை என்பது இன்னொன்று. மேட்ரிக்ஸில் மறையாக்கம் இல்லாத பொது அறை ஒன்று. லிபெரா சேனலை மூட வேண்டாம், இரண்டுக்கும் நடுவே பாட் நிரல் ஓடட்டும். அந்த நிரலுக்கு இரண்டு பேர் பொறுப்பு, நான் ஒருவன், இன்னொருவர் கை தூக்குங்கள். லாக் (பேச்சுப் பதிவு) வாராவாரம் நம் சர்வருக்கு. தம்பி இரண்டு மூன்று கிளையன்டில் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அறிவிப்பு. எங்கும் அச்சிடும் முகவரி நம் டொமைனில் உள்ள ஒரு பக்கமாக இருக்கட்டும்; அங்கிருந்து இன்றைக்கு எந்த அறையோ அதற்கு வழி காட்டலாம். நாளைக்கு அறை மாறினாலும், ஆறு மாதம் கழித்து வருகிறவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்து சேர்ந்துவிடுவார். டொமைன் இப்போது ஒரே ஒருவர் பெயரில் இருக்கிறது. அதை இந்த மாதமே மூன்று பேர் பொறுப்புக்கு மாற்ற வேண்டும், அரட்டை எங்கே என்பது முடிவாகும் முன்பே.

எக்ஸ்எம்பிபி என்ற இன்னொரு திறந்த அரட்டை நெறிமுறையைப் பயன்படுத்தும் குழுவில் இருந்தவர்கள் யாராவது உண்டா? அதைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. கைப்பேசியில் அறிவிப்பு ஒழுங்காக வருகிறதா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள்.