துபாயில் ஃபிளாட்: விலைக்கு மேல் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

வணக்கம். துபாயில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த ஃபிளாட்டை வங்கிக் கடனில் வாங்கப் பார்க்கிறேன். விலை 10 லட்சம் திர்ஹாம். நிலத்துறைக்கு 4 சதவீதம், அதாவது 40,000. தரகருக்கு 2 சதவீதம், அதன் மேல் 5 சதவீத வாட் வரி, ஆக 21,000. அடமானப் பதிவுக்குக் கடன் தொகையில் 0.25 சதவீதம். இதுவரை சரி.

தரகர் அனுப்பிய தாளின் கடைசி வரியில் 'இதர செலவுகள்' என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் தொகை இல்லை. கேட்டால் சிரிக்கிறார்! அந்த ஒரு வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சமீபத்தில் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: கட்டிய நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றுக்கும் வங்கியின் மதிப்பீட்டுக்கும் எவ்வளவு ஆனது? அப்புறம், சதுர அடிக்கு இவ்வளவு என்று வருடாவருடம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் விற்பவர் வைத்த பாக்கி நம் தலையில் விழாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?